தானே வாசிக்கும் பியானோ வாங்கும் முன், அதை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்

கேள்வி: டல்லாஸில் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். மகளுக்கு 11 வயது, ஐந்து வருடமாக பியானோ கற்கிறாள். வீட்டில் இருப்பது டிஜிட்டல். இனி அசல் பியானோ வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். கடைக்குப் போனால், தானே வாசிக்கும் பியானோவைக் காட்டி மயக்கிவிட்டார்கள். ஸ்டெய்ன்வே ஸ்பிரியோ, யமஹா டிஸ்க்ளேவியர், சாதாரண பியானோவில் பியானோடிஸ்க் அல்லது க்யூஆர்எஸ் பொருத்திக்கொள்வது, இவை போதாதென்று டிரான்ஸ்அகூஸ்டிக் என்று ஒன்று. எங்கள் கையில் இருப்பது 40,000 டாலர். எதை எதோடு ஒப்பிடுவது? பின்னால் ஊர் திரும்பினால் கொண்டுபோக முடியுமா?

பதில்:

கடையில் உங்களுக்கு எதை வாசித்துக் காட்டியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வேகமாக, சத்தமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிற ஒரு உருப்படி. ஆளில்லாத பெஞ்சுக்கு முன்னால் கட்டைகள் தாமாக அமுங்கி எழுவதைப் பார்த்தால் யாரும் வாயைப் பிளக்கத்தான் செய்வார்கள். இருபது வருடத்துக்கு மேல் பியானோவுக்குச் சுருதி சேர்த்தும் பழுது பார்த்தும் பிழைக்கிற நானே சில சமயம் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். மயங்கியதில் தப்பில்லை. அந்த மயக்கம் தெளியும் முன் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முதலில் டிரான்ஸ்அகூஸ்டிக்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம், ஏனென்றால் அது தானே வாசிக்காது. யமஹா 1993இல் சைலன்ட் பியானோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நெம்புகோலை இழுத்தால் சுத்தியல்கள் கம்பியைத் தொடாமல் நின்றுவிடும். சென்சார்கள் விரலின் அசைவைப் படித்து, டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பும். டிரான்ஸ்அகூஸ்டிக் அதற்கு அடுத்த படி. அந்த டிஜிட்டல் ஒலியை, பியானோவின் மர ஒலிப்பலகையிலேயே ஒட்டிய அதிர்வுக் கருவி வழியாக வெளியே விடுகிறது. பியானோவின் உடம்பே ஸ்பீக்கர் ஆகிவிடுகிறது. நல்ல யோசனைதான், வால்யூம் குறைத்து வாசிக்கலாம். ஆனால் கட்டை ஒன்றும் தானாக அசையாது. டிஜிட்டலும் அகூஸ்டிக்கும் கலந்தது என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் வருகிற குழப்பம் இது. விலைச்சீட்டை ஒப்பிடும் முன் "கட்டை நகருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நகருகிறவற்றுக்கு வருவோம். உள்ளே நடப்பது தெரிந்தால் விற்பனையாளர் சொல்வதில் எது பொருள், எது பேச்சு என்று நீங்களே பிரித்துவிடலாம்.

பியானோவின் ஒவ்வொரு கட்டையும் ஒரு சீசா பலகை. முன்னால் விரல் அழுத்தினால் வால் பக்கம் எழும்பி, சுத்தியலை மேலே உந்தும். சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அந்த உந்துதல் அறுந்துவிடும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்து கடக்கிறது. வாசிப்பவர் கையில் இருப்பது இந்த வேகம் மட்டும்தான். தானே வாசிக்கும் பியானோவில் ஒவ்வொரு கட்டையின் வாலுக்கும் அடியில் ஒரு சோலனாய்டு இருக்கும்: செப்புக் கம்பிச் சுருள், நடுவில் ஒரு இரும்புத் தண்டு. மின்சாரம் பாய்ந்தால் தண்டு எழும்பி வாலை உதைக்கும். இப்படி 88. பெடலுக்குத் தனியாக இன்னும் பெரியது.

சத்தமாக உதைக்க எந்தச் சோலனாய்டுக்கும் தெரியும். மெல்லத் தட்டுவதுதான் கஷ்டம். கொஞ்சம் குறைந்தால் சுத்தியல் கம்பி வரை போய்ச் சேராது, கட்டை அமுங்கும், ஒலி வராது. கொஞ்சம் கூடினால் தாலாட்டு தவிலாகிவிடும். நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். அதுவும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி மரம் காயும்போது ஒரு மாதிரி, மழைக்காலத்தில் மரம் ஊறும்போது வேறு மாதிரி. மலிவான கருவிகள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வழி, எல்லாவற்றையும் கொஞ்சம் சத்தமாகவே வாசித்துவிடுவது. கடையின் இரைச்சலில் அது தெரியாது. வீட்டில், இரவு எட்டு மணிக்கு, நீங்கள் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போது தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஒரு கடையில் சொல்லி நல்ல பழைய கிராண்டில், அதாவது கம்பிகள் படுக்கைவாட்டில் இருக்கும் பெரிய பியானோவில், இந்தக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். சுருதி சேர்க்கப் போனவன், முடித்ததும் ஒரு மெல்லிய உருப்படியைப் போடச் சொன்னேன். இடது கையில் மூன்று ஸ்வரங்கள் அடிக்கடி காணாமல் போயின. கட்டை மட்டும் ஊமையாக இறங்கி ஏறியது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சோலனாய்டு வரிசையை ஒரு பக்கம் இம்மி இறக்கிப் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கோடியில் தண்டு, வாலைத் தொடுவதற்குள்ளேயே பாதி வேகத்தை இழந்துவிடுகிறது. அந்த வீட்டு அம்மா, "அந்த மியூசிக்கே அப்படி விட்டு விட்டுத்தான் வரும்னு நினைச்சோம்" என்றார். மூன்று வருடமாக.

ஆகவே கடைக்குப் போனால் உங்கள் பரீட்சை இதுவாக இருக்கட்டும். நாக்டர்ன் மாதிரி நிதானமான, மெல்லிய ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்கச் சொல்லுங்கள். அப்போது ஸ்வரம் உதிர்கிறதா, இசைக்கு நடுவே மரத்தில் தட்டுகிற மாதிரி டக்டக் கேட்கிறதா, பெடல் பாதியில் நின்று விளையாடுகிறதா அல்லது மேலே கீழே என்று இரண்டே நிலைதானா என்று கவனியுங்கள். அப்புறம் கருவியை நிறுத்திவிட்டு மகளை உட்கார வைத்து, அதே மெல்லிய பகுதியை வாசிக்கச் சொல்லுங்கள். அவள் விரல் சொல்லும் தீர்ப்பு என் தீர்ப்பை விட மேல்.

டிஸ்க்ளேவியரில் இந்தச் சிக்கலுக்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு. அது எந்த உருப்படியையும் அரை வினாடி தாமதித்தே வாசிக்கும். மெல்லிய ஸ்வரத்தின் சுத்தியல் மெதுவாகப் போவதால் கம்பியைச் சேர நேரம் ஆகும், சத்தமான ஸ்வரம் சட்டென்று சேர்ந்துவிடும். இரண்டையும் ஒரே சமயத்தில் கிளப்பினால் முன்பின்னாக ஒலிக்கும். அதனால் எல்லாவற்றையும் அரை வினாடி கையில் பிடித்து வைத்துக்கொண்டு, மெதுவாகப் போகிறதை முன்னதாகவே அனுப்பிவிடுகிறது. முகூர்த்தத்துக்கு எல்லாரும் ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் மாட்டுவண்டியை முதலில் கிளப்ப வேண்டாமா, அந்தக் கணக்கு.

வெறும் ஸ்வரத்தை வாசிப்பது வேறு, வாசித்தவரின் விரலைத் திருப்பித் தருவது வேறு. இந்த வித்தியாசம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1895இல் எட்வின் வோட்டி என்ற அமெரிக்கர் பியானோலாவை உருவாக்கினார். துளையிட்ட காகிதச் சுருள் ஓட, காற்றழுத்தத்தில் கட்டைகள் அமுங்கும். மென்மையும் வேகமும் காலால் பெடல் மிதிப்பவர் பொறுப்பு. 1904இல் ஜெர்மனியின் வெல்டே நிறுவனம் கொண்டுவந்த வெல்டே-மிக்னான், வாசித்தவரின் அழுத்தத்தையும் சேர்த்துப் பதிந்தது. இசையமைப்பாளர்கள் மாலரும் டெபுஸ்ஸியும் அதற்கு வாசித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்று நீங்கள் பார்க்கிற எல்லாக் கருவிகளும் இந்த இரண்டில் எதன் வம்சம் என்று பார்த்தாலே பாதி ஒப்பீடு முடிந்துவிடும்.

ஸ்பிரியோவும் டிஸ்க்ளேவியரின் மேல்படியான எண்ஸ்பயர் ப்ரோவும் வெல்டே வம்சம். ஸ்பிரியோ 2015இல் வந்தது. சுத்தியல் வேகத்தில் 1,020 படிகள், பெடலில் 256 நிலைகள் என்று விளம்பரம் சொல்லும். யமஹா 1,024 படிகள், 256 நிலைகள் என்று சொல்லும். டிஜிட்டல் கருவிகள் ஸ்வரங்களைக் குறித்துவைக்கும் பொது முறையான சாதாரண மிடியில் 127 படிகள்தான், ஆகவே இரண்டுமே பெரிய முன்னேற்றம். ஆனால் 1,020க்கும் 1,024க்கும் நடுவே தராசு பிடிக்காதீர்கள், அது எந்தக் காதுக்கும் எட்டாத கணக்கு. உருப்படியான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. யமஹா ப்ரோவில் கட்டை, சுத்தியல், பெடல் மூன்றையும் ஒளிச் சென்சார்கள் கவனிக்கின்றன. இடும் கட்டளைப்படி கட்டை நகர்ந்ததா என்று பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

உங்கள் மகளைப் பொறுத்தவரை நான் பெரிதாக நினைக்கும் அம்சம் பதிவுதான். தான் வாசித்ததை எழுந்து நின்று, அதே பியானோவில், அதே அறையில் கேட்பது கற்கிற பிள்ளைக்கு ஆசிரியையின் நூறு திருத்தங்களுக்குச் சமம். இங்கேதான் பெயரைக் கவனித்துப் படிக்க வேண்டும். சாதாரண ஸ்பிரியோ வாசிக்கும், பதியாது. 2019இல் வந்த, பெயரோடு ஆர் என்ற எழுத்து ஒட்டிய ஸ்பிரியோதான் பதியும். டிஸ்க்ளேவியர் வரிசையான எண்ஸ்பயரில் பெயர் சிஎல் என்று முடிந்தால் வாசிப்பு மட்டும், எஸ்டியும் ப்ரோவும் பதியும். வெளியிலிருந்து பொருத்தும் கருவிகளில் பதிவு பெரும்பாலும் தனிக் காசு. கட்டைக்கு அடியில் ஒரு சென்சார் பட்டை ஒட்டுவார்கள்.

பாட்டு நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஸ்பிரியோ நூலகத்தின் தரம் உயர்வு. ஹோரோவிட்ஸ், கிளென் கூல்ட் ஆகிய பியானோ கலைஞர்களின் பழைய ஒலிப்பதிவுகளை அலசி, விரல் அசைவாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கூல்ட் 1982இல் இறந்துவிட்டார், அவர் அழுத்திய கட்டைகள் உங்கள் ஹாலில் அமுங்கும். கேட்கும்போது கொஞ்சம் பேய் வீடு மாதிரிதான் இருக்கும். க்யூஆர்எஸ் 1900இல் காகிதச் சுருள் செய்யத் தொடங்கிய நிறுவனம், அதன் சரக்குக்கும் குறைவில்லை. எதை வாங்கினாலும் சந்தா மாதம் எவ்வளவு, சந்தாவை நிறுத்தினால் எத்தனை உருப்படிகள் மிஞ்சும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் சினிமாப் பாட்டு வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மிடி கோப்புகளைப் போடலாம்தான். ஆனால் பலவற்றில் எல்லா ஸ்வரமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். கேட்டால் அம்மியில் மசாலா அரைக்கிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்வது மேல்.

இப்போது விலை. எல்லாரும் செய்கிற தவறு, ஸ்பிரியோவின் மொத்த விலையை டிஸ்க்ளேவியரின் மொத்த விலையோடு ஒப்பிடுவது. அது ஒப்பீடே இல்லை. ஒவ்வொன்றிலும் பியானோவின் விலை எவ்வளவு, வாசிக்கும் கருவியின் விலை எவ்வளவு என்று பிரியுங்கள். அதே மாடல் கருவி இல்லாமல் என்ன விலை என்று கேட்டால் போதும், கழித்தல் கணக்கு. ஸ்டெய்ன்வே எம் என்ற 170 செ.மீ. கிராண்டில் ஸ்பிரியோவுக்கு மட்டும் ஏறத்தாழ 25,000 முதல் 30,000 டாலர் கூடுதலாகிறது, மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் பட்ஜெட்டில் அது பேச்சுக்கே இல்லை. டிஸ்க்ளேவியரிலும் கருவிக்கான கூடுதல் ஐந்து இலக்கத் தொகைதான். கச்சேரி மேடைக்கான சிஎஃப்எக்ஸ் வரை போனால் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். வெளியிலிருந்து பொருத்துவதற்கு, எதெல்லாம் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, பெரும்பாலும் 6,000 முதல் 15,000 டாலருக்குள் முடியும். இன்னொன்று, யமஹா கடையில் பேரம் பேசலாம், சீட்டில் இருப்பது ஆரம்ப விலை. ஸ்டெய்ன்வேயில் அவ்வளவாக இளக மாட்டார்கள்.

ஆக நீங்கள் வாங்குவது ஒரு பொருளல்ல, இரண்டு. இரண்டுக்கும் ஆயுள் வேறு. நல்ல பியானோ ஒழுங்காகப் பராமரித்தால் ஐம்பது, அறுபது வருடம் ஓடும். உங்கள் மகள் தன் பிள்ளைக்குக் கொடுப்பாள். எலக்ட்ரானிக்ஸ் அப்படி இல்லை. தேக்குக் கட்டிலில் டிவியைப் பதித்து வாங்குகிற மாதிரி இது. 1990களின் டிஸ்க்ளேவியர்களைப் போய்ப் பாருங்கள். பியானோ இன்னும் கணீரென்று இருக்கிறது, பக்கத்தில் 3.5 அங்குல ஃபிளாப்பி டிஸ்க் சொருகும் பெட்டி தொங்குகிறது. அந்த ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக யுஎஸ்பி பெட்டி மாட்டிக் கொடுத்து நானே சில வீடுகளில் காசு வாங்கியிருக்கிறேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை போனால் அதுவும் முடியாது, பழைய மாடல்களுக்கு உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு. கடைசியில் அவை வெறும் பியானோ விலைக்கே கைமாறுகின்றன. வாங்குபவருக்கு அது நல்ல சேதி, விற்பவருக்கு வயிற்றெரிச்சல்.

இந்த ஒரு விஷயத்தில் வெளியிலிருந்து பொருத்தும் கருவிக்கு மேல்கை. பழசானால் கழற்றிவிட்டு அடுத்த தலைமுறைக் கருவியைப் போடலாம், பியானோ அப்படியே இருக்கும். ஆனால் கட்டைகள் உட்கார்ந்திருக்கும் அடிப்பலகையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். வெட்டுகிற கை நல்ல கையாக இருக்க வேண்டும். கருவியின் பிராண்டை விசாரிப்பதைவிட, பொருத்தப்போகும் ஆளை விசாரிப்பதற்கு இரட்டிப்பு நேரம் செலவழியுங்கள். அவர் முன்பு பொருத்திய இரண்டு வீடுகளுக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். புதுப் பியானோவாக இருந்தால், வெட்டினால் தயாரிப்பாளரின் வாரண்டி நிற்குமா என்பதைக் கடைக்காரர் வாயால் அல்ல, காகிதத்தில் கேளுங்கள்.

சரி, 40,000 டாலருக்கு என்ன செய்வது? யமஹாவின் சிறிய கிராண்ட் ஜிபி1கே, சிஎல் கருவியோடு உங்கள் கைக்குள் அடங்கும். கடைக்காரர் அதைத்தான் தள்ளுவார். எனக்கு அதில் இஷ்டமில்லை. நீளம் 151 செ.மீ. மட்டுமே, மந்தர ஸ்தாயிக் கம்பிகள் குட்டையாக இருப்பதால் கீழ்ஸ்வரங்கள் மங்கல், மேலே சொன்ன மாதிரி பதிவும் கிடையாது. கிராண்ட் என்ற கௌரவத்துக்கும் ஹாலின் அழகுக்கும் காசு கொடுக்கிறோம். நானாக இருந்தால், 186 செ.மீ. நீளமுள்ள யமஹா சி3 வரிசையில் நல்ல நிலையில் இருக்கும் பழைய கிராண்ட் ஒன்றைத் தேடுவேன். 15,000 முதல் 25,000 டாலருக்குள் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியவரான ஒரு டெக்னீஷியனைக் கூட்டிப்போய், சுருதி முளைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஒலிப்பலகையில் விரிசல் உண்டா, சுத்தியல் கம்பளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கூலி சில நூறு டாலரில் முடியும். ஒரு வருடம் மகள் வாசிக்கட்டும். அதற்குப் பிறகும் தானே வாசிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு மிச்சம் இருந்தால் கருவியைப் பொருத்திக்கொள்ளலாம், கையில் காசும் இருக்கும். கருவியைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், 151 செ.மீ. பியானோவைப் பின்னால் நீட்ட முடியாது. பாதிப் பேருக்கு அந்த ஆசை ஒரு வருடத்தில் அடங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

அதே வரிசையில் நாலைந்து வருடம் பழகிய எண்ஸ்பயர் எஸ்டி எங்காவது உங்கள் விலைக்குக் கிடைத்தால் மட்டும் நான் சொன்னதை மறந்துவிட்டு அதைப் பிடியுங்கள். ராத்திரிப் பயிற்சிக்கு ஹெட்போன் வசதி வேண்டுமே என்று யோசிப்பீர்கள். வீட்டில் இருக்கும் டிஜிட்டலை விற்றுவிடாதீர்கள், அது போதும்.

பட்ஜெட்டில் இன்னும் ஒரு மூலை ஒதுக்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும், வீடு மாறிய முதல் வருடம் ஒன்றிரண்டு முறை கூடுதலாக. டல்லாஸ் வெயிலுக்கும் ஏசிக்கும் நடுவில் மரம் படாத பாடு படும். பியானோவுக்குள்ளேயே பொருத்தும் ஈரப்பதக் கருவியைப் போட்டுவிடுங்கள். நான் போகும் வீடுகளில் "தானே வாசிக்கிற மெஷின் கெட்டுப்போச்சு" என்று சொல்லப்படுவதில் பாதி, மரம் காய்ந்ததால் வரும் கோளாறு.

ஊருக்குக் கொண்டுபோவது பற்றி. முடியும், ஆனால் யோசித்துச் செய்யுங்கள். சி3 அளவு கிராண்டின் எடை 320 கிலோ. அமெரிக்காவில் விற்கும் கருவியின் மின்பகுதி பொதுவாக 120 வோல்ட்டுக்கானது, நம் ஊரில் 230. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், பழுதானால் தொட ஆள் கிடைப்பது அரிது. சென்னையில் யமஹா ஆலையே இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அங்கே செய்வது கீபோர்டும் கிட்டாரும். சென்னையின் ஈரக் காற்றில் கட்டைகள் ஊறி ஒன்றோடொன்று உரசும், மென்மையான வாசிப்புதான் முதலில் போகும். போகும் காலம் வந்தால் கருவியை இங்கேயே கழற்றி விற்றுவிட்டு, பியானோவை மட்டும் கப்பலேற்றுவது எளிது. அதற்கும் வெளியிலிருந்து பொருத்தியதுதான் வசதி.

கடைக்கு மறுபடி போகும்போது சனி, ஞாயிறு வேண்டாம். நாலு பேர் நாலு பியானோவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், நான் சொன்ன மெல்லிய ஒலிப் பரீட்சை அங்கே நடக்காது. செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்ததும் போய், ஏசி இரைச்சலையும் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.